கிராண்ட் கேன்யன் போகிறோம்: பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம், என்ன செய்ய வைக்கலாம்?

கரூர்க்காரி (டல்லாஸ்), மே 2024

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் இரண்டாம் வாரம் காரிலேயே அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். போகிற வழியில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பூங்கா. வண்டியில் ஆறு பேர்: நாங்கள் இரண்டு பேர், மகன் (நாலாம் வகுப்பு இந்த மாதம் முடிகிறது), மகள் (ஐந்து வயது), கரூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார்.

போன வருஷம் வேறொரு பூங்காவுக்குப் போய் கிஃப்ட் ஷாப்பில் மட்டும் 140 டாலர் விட்டுவிட்டு வந்தோம். ஒரு கரடி பொம்மை, நாலு டி-ஷர்ட், ஆறு ஃபிரிட்ஜ் காந்தம். கரடி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. டி-ஷர்ட்டை இரண்டு தடவை துவைத்ததும் அதிலிருந்த மலை கரைந்து போனது. காந்தத்தில் ஒன்று கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மொத்தத்தில் உழைக்கிற பொருள் அது ஒன்றுதான்.

இந்தத் தடவை அப்படிச் செய்ய வேண்டாம் என்று பார்க்கிறேன். பிள்ளைகள் பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கிற மாதிரி என்ன வாங்கலாம்?

இன்னொன்று. மகன் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஐந்தே நிமிஷத்தில் "முடிஞ்சுதா?" என்பான். மாமனார் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். "நீங்க பாத்துட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்று சீட்டைச் சாய்த்துக்கொள்வார். முட்டிவலி ஒரு காரணம், ஆர்வமின்மை இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். இவர்கள் இரண்டு பேரையும் என்ன செய்யலாம்?

ஃபீனிக்ஸ் அப்பா

முதலில் காசு மிச்சம். உங்கள் மகன் நாலாம் வகுப்பு என்பதால் தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' பாஸ் இலவசம். அந்த வகுப்பு தொடங்குகிற செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும், அதனால் உங்கள் ஜூன் பயணம் உள்ளேதான் வருகிறது. அதன் இணையதளத்தில் பையன் பெயரில் பதிந்து, தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.  பையன் வண்டியில் இருந்தால் போதும், அதே பாஸில் ஆறு பேரும் உள்ளே போகலாம். கிராண்ட் கேன்யனுக்கு 35, பெட்ரிஃபைட் ஃபாரஸ்டுக்கு 25 டாலர், இரண்டும் மிச்சம்.

அப்புறம் 'ஜூனியர் ரேஞ்சர்'. விசிட்டர் சென்டரில் கேட்டால் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். வயதுக்கு ஏற்ற பக்கங்களை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், ரேஞ்சர் (பூங்கா அலுவலர்) வலது கையைத் தூக்கச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்து பேட்ஜ் தருவார். பல பூங்காக்களில் காசு இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு டாலர். என் இரண்டு பிள்ளைகளிடமும் சேர்த்து 31 பேட்ஜ் இருக்கிறது. உங்கள் பையன் "முடிஞ்சுதா" என்று கேட்பதை இது நிறுத்திவிடும். பதிலுக்கு "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குப்பா" என்று நீங்கள் கிளம்பும்போது நிறுத்துவான்.

ஒரு எச்சரிக்கை: கோடையில் அரிசோனா நேரம் உங்கள் டல்லாஸ் நேரத்துக்கு இரண்டு மணி பின்னால். விசிட்டர் சென்டர் எப்போது மூடுகிறது என்பதை அந்த ஊர் நேரத்தில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் தரும் மடிப்பு வரைபடத்தையும் தூக்கிப் போடாதீர்கள். மேலே கறுப்புப் பட்டை போட்டு எல்லாப் பூங்காவுக்கும் ஒரே அமைப்பில் இருக்கும், மாசிமோ விக்னெல்லி என்ற வடிவமைப்பாளர் 1977-இல் வகுத்துக் கொடுத்தது. எங்கள் வீட்டில் அதையே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

பொன்மலைத் தாத்தா

அம்மா கரூர்க்காரி, உங்கள் மாமனாருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு வழி சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்த பட்டறை. மகள் இங்கே இருப்பதால் வருவதும் போவதுமாக இருக்கிறேன். 2022 அக்டோபரில் என்னையும் கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் உங்கள் மாமனார் மாதிரிதான், வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஆர்வம் இல்லாமல் இல்லை. எல்லோரும் ஆங்கிலத்தில் பலகை படித்துக்கொண்டு முன்னால் போவார்கள், நாம் பின்னால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்போம். அதற்கு வண்டி மேல்.

பேரன் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கப் போனவன் இரண்டு புத்தகத்தோடு வந்தான். பெரியவர்களும் செய்யலாமா என்று அவனே கேட்டிருக்கிறான், தாராளமாக என்று ரேஞ்சர் அம்மா சொல்லிவிட்டார். "தாத்தா, நான் படிச்சுச் சொல்றேன், நீங்க பண்ணுங்க" என்றான். அவனுக்கு வயது ஒன்பது, எனக்கு அறுபத்தாறு.

ஒரு பக்கத்தில், பார்ப்பதை வரை என்று இருந்தது. எனக்கு மலை வரையத் தெரியாது, செக்‌ஷன் டிராயிங், அதாவது வெட்டுமுகப் படம், தெரியும். மேலேயிருந்து கீழே ஒவ்வொரு பாறை அடுக்கையும் கோடு போட்டு, எது செங்குத்தாக இறங்குகிறது, எது சரிவாக இறங்குகிறது என்று பிரித்து, பக்கத்தில் பேரனை விட்டுப் பெயர் எழுத வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் முதுகில் ஏறியதே தெரியவில்லை. ரேஞ்சர் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்து காட்டினார். அப்புறம் நானும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னோம். அந்த பேட்ஜ் இப்போது பொன்மலை வீட்டில், என் இருபத்தைந்து வருஷ சேவை மெடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெடலை யாரும் கேட்பதில்லை, பேட்ஜைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்து 'டிரெயில் ஆஃப் டைம்' என்ற நடைபாதை. விளிம்பை ஒட்டிப் போகும் தார்ப் பாதை, பெரும்பாலும் சமதளம். தரையில் மீட்டருக்கு ஒரு வெண்கலக் குமிழ் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. யாவபாய் அருங்காட்சியகத்தில் தொடங்கி கிராண்ட் கேன்யன் வில்லேஜ் என்கிற கிராமத்துப் பக்கம் நடக்க நடக்கக் காலம் பின்னால் போகும், வழியில் அந்தந்தக் காலத்துப் பாறையைக் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம். பேரன் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு தாவு தாவினான். டைனோசர் ஒழிந்த காலம் அறுபத்தாறாவது தாவில் வந்துவிட்டது. "உங்க வயசு தாத்தா!" என்று கத்தினான். அதற்கு அப்புறம் இன்னும் ஆயிரத்து எழுநூறு தாவுக்கு மேல் பாக்கி இருக்கிறது என்றதும் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

உங்கள் மாமியார் கும்பிடுகிறவர் என்றால் ஒன்று சொல்கிறேன். பாதையின் கடைசியில், மிகப் பழைய கற்களுக்கு நடுவில் ஒன்றின் பெயர் 'விஷ்ணு ஷிஸ்ட்' (ஷிஸ்ட் என்பது ஒரு பாறை வகை). ஏறக்குறைய 175 கோடி ஆண்டு வயது. பள்ளத்தாக்கின் அடியில் நதியோரம் கறுப்பாகத் தெரிகிறதே, அதே கல். 1880-களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் இங்கே இருக்கும் சிகரங்களுக்குக் கீழைநாட்டுச் சாமி பெயர்களை வைக்கிற வழக்கத்தைத் தொடங்கினார்: விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள். பிரம்மாவை யாவபாயிலிருந்தே பார்க்கலாம். என் வீட்டுக்காரி அந்தக் கல்லில் கையை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் அவள் முடிக்கட்டும் என்று தள்ளி நின்றது. பிறகு அந்த வீட்டுச் சின்னப் பெண்ணும் கையை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தது.

முட்டிவலிக்காரருக்கு யாவபாயிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. கிராமத்துப் பக்கம் வெர்காம்ப்ஸ் என்ற பழைய கட்டடத்தில் இறங்கிக்கொண்டால் பழைய கற்கள் அந்த முனையில்தான். அதற்குக் கீழேயே ரயில் நிலையமும் இருக்கிறது. 1910-இல் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. வில்லியம்ஸ் ஊரிலிருந்து காலையில் கிளம்பும் ரயில் நண்பகலுக்குச் சற்று முன்னால் வந்து நிற்கும். பாதை போட்டது 1901-இல். நான் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அது பாரபட்சம்தான், விடுங்கள்.

வாங்குகிற பொருளுக்கு வருகிறேன். கடைகளில் காசு நசுக்கும் மெஷின் இருக்கும். இரண்டு கால்-டாலர் காசும் ஒரு சென்ட் காசும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், சென்ட் காசு நீண்டு, பூங்காப் படம் பதிந்து விழும். சில மெஷின்களில் இப்போது ஒரு டாலர் கேட்கிறான். கண்ணாடி வழியே பற்சக்கரங்களைப் பார்க்கலாம்: கையின் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டி, இரண்டு எஃகு உருளைக்கு நடுவே காசை இழுக்கிறது. பட்டறையில் தகடு இழுத்த அதே சங்கதி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே இப்படிக் காசு இழுத்து விற்றிருக்கிறார்கள்.

நாங்கள் ரயில்வே காலனிப் பையன்கள், அஞ்சு பைசாவைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு ஒளிந்திருப்போம். ரயில் ஏறினால் காந்தமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆனதே இல்லை. (அப்பாவிடம் வாங்கிய அடி பற்றி வேறு நாள். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள்.) பேரனுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினேன்.

சூட்சுமம் ஒன்று: 1982-க்கு முந்தைய சென்ட் காசாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய முழுச் செம்பு. அதற்குப் பிந்தையது உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம். நசுக்கினால் முலாம் கிழிந்து வெள்ளிக் கீறல் தெரியும். முந்தின நாள் ராத்திரி மகளையும் பேரனையும் உட்கார வைத்து சில்லறை டப்பாவைக் கொட்டித் தேதி பார்க்கச் சொன்னேன், பதினோரு காசு தேறியது. வீட்டுக்காரி அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். பூஜைச் செம்பு மாதிரி மின்னியது. அப்படித் தேய்த்துவிட்டு நசுக்கினால் படம் அச்சாக விழுகிறது.

மூன்று பேரின் அம்மா (நியூ ஜெர்சி)

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பையும் சொல்லிவிடுகிறேன்.

'பாஸ்போர்ட்' என்று ஒரு நீலப் புத்தகம் உண்டு, 1986-இலிருந்து வருகிறது, 13 டாலர் அளவில். ஒவ்வொரு விசிட்டர் சென்டரிலும் அதில் தேதியோடு முத்திரை குத்திக்கொள்ளலாம், முத்திரைக்குக் காசு கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் என் பெரியவளுக்கு அது பிடித்து ஆட்டியது. ஒரு பூங்காவில் நாலு இடத்தில் நாலு முத்திரை என்று தெரிந்ததும் அருவியைக்கூடப் பார்க்க விடாமல் அடுத்த முத்திரைக்கு ஓட வைத்தாள். நாற்பது நிமிஷம் வண்டி ஓட்டிப் போனால் சென்டர் மூடிக் கிடக்கிறது. அன்றைக்கு அழுத அழுகை! இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்: ஒரு நாளைக்கு ஒரு முத்திரை, அதுவும் வழியில் இருந்தால்.

குத்தும்போது முதலில் வேறு தாளில் ஒன்று குத்திப் பாருங்கள். மை காய்ந்திருக்கும், சில சமயம் தேதிச் சக்கரத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு முத்திரை, நாங்கள் போனதற்கு முந்தின நாள் தேதியோடு நிரந்தரமாக இருக்கிறது. புத்தகத்தை மறந்துவிட்டால் வெற்றுத் தாளில் குத்திக்கொண்டு வந்து ஒட்டிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் கிராண்ட் கேன்யன் அணில். தயவுசெய்து பாட்டிமாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் அத்தை முறுக்கை நீட்டிவிட்டார். அங்கே மனிதர்களை அதிகம் கடித்து வைப்பது அந்த அணில்தான், தீனி போட்டால் அபராதம் வேறு. நாங்கள் பதறிப்போய் இழுத்தால், "முதுகுல கோடே இல்லையேன்னு பாத்தேன்" என்கிறார். ராமர் கையே படாத அணில் என்று சொல்லிச் சமாளித்தோம்.

கரூர்க்காரி (டல்லாஸ்)

எல்லோருக்கும் நன்றி. தாத்தா எழுதியதை மாமனாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "பொன்மலையா? எந்த ஷாப்னு கேளு" என்றார் (பட்டறையில் எந்தப் பிரிவு என்று), அவ்வளவுதான். ஆனால் ராத்திரி அவரே சில்லறை டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு சந்தேகம். ஐந்து வயது மகளுக்கு எழுத வராதே, அவளுக்கும் பேட்ஜ் உண்டா? மாமியாருக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கூழாங்கல் எடுத்து வரும் பழக்கம். பூஜை அலமாரியில் காசிக் கல், ராமேஸ்வரக் கல் எல்லாம் இருக்கிறது. பெட்ரிஃபைட் ஃபாரஸ்டில் ஒரு சின்னத் துண்டு எடுத்தால் தப்பா?

ஃபீனிக்ஸ் அப்பா

சின்னவளுக்கு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பக்கங்கள், படம் பார்த்து வட்டம் போடுவது மாதிரி. பெரியவர்கள் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். என் மகள் "கேன்யன் எப்படி உருவானது?" என்பதற்கு "யாரோ தண்ணியை நிறுத்த மறந்துட்டாங்க" என்று சொல்ல, நான் அதையே எழுதினேன். ரேஞ்சர் சரி என்று டிக் போட்டார்.

பொன்மலைத் தாத்தா

கல் விஷயம் நான் சொல்கிறேன். எடுக்கக் கூடாது, சின்னத் துண்டும் கூடாது. அங்கே மட்டுமல்ல, எந்த தேசியப் பூங்காவிலும் கல், இறகு, கொம்பு எதுவுமே கூடாது.

பெட்ரிஃபைட் ஃபாரஸ்டில் இருப்பது இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரம், அணு அணுவாகக் கல்லாகிப் போனது. வெட்டுமுகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஆசை காட்டும். அதைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் வருஷக்கணக்கில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், கடிதத்தோடு. எடுத்ததிலிருந்து வேலை போனது, கல்யாணம் முறிந்தது, வண்டி கவிழ்ந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. வந்த கல் எந்த இடத்திலிருந்து போனது என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்க முடியாது, வைத்தால் ஆய்வு கெட்டுப்போகும். அதனால் ஒரு ஓரமாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு 'மனசாட்சிக் குவியல்' என்றே பெயர். மாமியாரிடம் சட்டம் பேசாதீர்கள், இந்தக் கடிதக் கதையைச் சொல்லுங்கள், போதும்.

கல் வேண்டும் என்றால் பக்கத்து ஊர் ஹோல்புரூக்கில் கடை கடையாக விற்கிறார்கள். பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில் எடுத்தது, தப்பில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் பெரம்பலூர் சாத்தனூர்க் கல்மரத்தையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிடக்கிறது. திருச்சியிலிருந்து நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் நானும் காவலாளியும்தான்.

மாமனாருக்குச் சொல்லுங்கள்: ஃபிட்டிங்கில் தொடங்கி எரெக்டிங் ஷாப்பில் முடித்தேன்.

கரூர்க்காரி (டல்லாஸ்), ஜூன் 2024

போய்விட்டு வந்தோம். மொத்தச் செலவு கணக்கு: பாஸ்போர்ட் புத்தகம் ஒன்று, ஹோல்புரூக்கில் மாமியாருக்குக் கட்டைவிரல் அளவு கல் ஒன்று (ஆறு டாலர், ரசீது அலமாரியில் கல்லுக்கு அடியில்), நசுக்கிய காசு ஏழு. ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் மூன்று: மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று. அவர் கரூரில் கைத்தறி ஜவுளிக் கணக்கு எழுதியவர், படம் வரையவில்லை. பாறை அடுக்குகளைப் பேரேடு மாதிரி கட்டம் போட்டு, பெயர் ஒரு பத்தி, வயது ஒரு பத்தி என்று எழுதிக் கீழே கூட்டலும் போட்டுவிட்டார். எதற்குக் கூட்டல் என்று ரேஞ்சருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை.

ரயில் வந்து நின்றபோது முட்டிவலியோடு அத்தனை படியும் இறங்கினார்.

டி-ஷர்ட் வாங்கவில்லை. மகள் மட்டும் ஒரு பொம்மைக் கழுதை கேட்டு அழுது வாங்கிக்கொண்டாள், அதைத் தடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் நசுக்கிய காசை எடுத்துக்கொண்டு நேராக ஃபிரிட்ஜுக்குப் போனான். மூன்று தடவை வைத்துப் பார்த்தான், மூன்று தடவையும் கீழே விழுந்தது. "தாத்தா, காந்தம் ஆகலை" என்றான். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுக்கு நெஜ ரயில் ஏறணும்டா" என்றார்.